தங்கச்சியின் இமை

பதினாறு வருஷமாகத் தத்துவத் துறையில், மனசு என்றால் என்ன, பிரக்ஞை என்றால் என்ன என்று தொண்டைத் தண்ணி வற்றப் பாடம் நடத்தியவள் அவள். இன்றைக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தேர்வுக்குழுத் தலைவர். ஒரு பக்கம் வெளியூரிலிருந்து வந்த அம்மாள். இன்னொரு பக்கம் அவளுடைய துறைத்தலைவர். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொள்வதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தியான மூஞ்சி'.

குழுத் தலைவர் அவள் கட்டுரையைப் புரட்டினார். "புதுசா ஒண்ணும் காணோமேம்மா. அசையாம கிடக்கிற நோயாளி, பேச்சுக் கொடுத்தா கண் சிமிட்டுறது... இதெல்லாம் போன வருஷமே உங்க துறைத்தலைவர் சார் எழுதிட்டாரே?"

அந்த நோயாளி அவள் தங்கச்சி. விபத்துக்குப் பிறகு ஒன்பது வருஷமாக வீட்டின் பின்னறையில் கிடக்கிறாள். 'உள்ளே ஆளே இல்லை' என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அக்காதான் தினமும் தலை வாரிவிட்டபடி, "எழுந்திருடி சோம்பேறி" என்று சீண்டி, எந்தச் சீண்டலுக்கு இமை துடிக்கிறது என்று நோட்டில் குறித்து வைத்து, அதிலிருந்து கட்டுரை எழுதினாள். படித்துப் பாருங்கள் என்று முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தது தியான மூஞ்சியிடம்.

"சார், அந்த நோயாளிய நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பல தடவை. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். எழுதியிருக்கேனே!" கண் மூடியபடியே சொன்னார்.

"எந்தக் கண்ணு சிமிட்டுச்சு?"

"இடது கண்ணு. தெளிவா."

"இடது கண்ண அவளால மூடவே முடியாது சார். அடிபட்டதுல நரம்பு போச்சு. தூங்கறதுக்கு நான்தான் பிளாஸ்திரி ஒட்டி மூடிவிடறேன். சிமிட்டுறது வலது கண்ணு. இன்னார்னு அடையாளம் தெரியக் கூடாதுன்னு கட்டுரையில நான்தான் இடதுன்னு மாத்தி எழுதினேன். நான் எழுதின பொய்யக்கூட நீங்க நேர்ல பாத்துட்டீங்களே!"

தியான மூஞ்சி கண்ணைத் திறந்தார். மூட மறந்துபோனார்.

தலைவர் கோப்பை மூடினார். "சரி சரி, குடும்ப விஷயத்தையெல்லாம் இங்க கொண்டு வராதீங்கம்மா. நீங்க போகலாம்."

"குடும்ப விஷயமா? இவர் எழுதினா ஆராய்ச்சி, அவ என் தங்கச்சின்னு நான் சொன்னா குடும்ப விஷயமா? பதில் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

கதவைத் திறந்து அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வந்த ஊழியர், உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுப் பூனைபோல் பின்வாங்கினார்.

வெளியூர் அம்மாள் கேட்டார்: "அந்த நோட்ட நான் பாக்கணும்மா. உங்க தங்கச்சியையும்தான். வீட்டுக்கு வரலாமா?"

தலைவர் மூடிய கோப்பை மெல்ல மறுபடி திறந்தார்.

"நோட்ட நாளைக்கே கொண்டு வரேன்," என்றாள் அவள். "வீட்டுக்கு வர்றதுக்கு, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."