காணிப்பாக்கத்துச் சத்தியம்

கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தலாம் என்ற யோசனை ரத்தினம்மாவுக்குப் பயத்தில் வந்தது. சாதாரண நாளில் வந்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அடிவயிற்றில் பயம் புகுந்துவிட்டால் மனுஷருக்கு என்னென்னவோ தோன்றிவிடுகிறது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம் அது. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது என்று தமிழ் பேசுகிற ஊர்களிலெல்லாம் ஒரே கொதிப்பு. புத்தூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூரில் மூன்று இளவட்டங்கள் தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறித்துவிட்டு, கரும்புத் தோட்டம் ஒன்றில் ஒளிந்துகொண்டார்கள். சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் விடிகாலையில் போலீஸ் வேறெங்கும் தேடவில்லை. நேரே அந்தத் தோட்டத்துக்கே வந்து மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு போனது. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

யார் என்பதிலும் ஊர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆசீர்வாதம்தான். அவருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. சப்-இன்ஸ்பெக்டரும் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வேறென்ன வேண்டும்? ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தருகிற ஒரே ஆளைத் தமிழுக்குத் துரோகி என்று துரத்தக் கிளம்பிய புத்திசாலிகளை என்னவென்று சொல்வது!

ஊர்ப் பெரியவர் வேதாச்சலம் கெட்டவரில்லை. வாத்தியார் குடியிருந்த வீடும் அவருடையதுதான். நாலு பேரை வைத்துக்கொண்டு நியாயம் சொன்னார்.

"காணிப்பாக்கத்துக்கு வாங்க வாத்யாரே. கொளத்துல முழுகி, ஈரத் துணியோட புள்ளையாருக்கு எதிர்ல நின்னு 'நான் காட்டிக் குடுக்கல'ன்னு சொல்லுங்க. அப்பால எவனாச்சும் ஒரு வார்த்த பேசினா நான் கேக்கறேன். அமாவாசைக்குள்ள வரலேன்னா வீட்ட காலி பண்ணிடுங்க."

அந்தச் சீமையில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. கோர்ட்டுக் கச்சேரியில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் காணிப்பாக்கம் என்றால் சோறு இறங்காது. ஆசீர்வாதம் முடியாது என்றுவிட்டார். விக்கிரகத்துக்கு முன்னால் மட்டுமில்லை, வேதத்தின் மேல் கை வைத்துக்கூட அவர் சத்தியம் செய்யமாட்டார். "ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. அதுக்கு மேல பேசறது என் சாமிக்கு ஆவாது" என்றார். ஊர் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது.

ரத்தினம்மாவுக்கு ஏழாம் மாதம். நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கிய அன்றே பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. மிஷன்காரர்கள் வேறு ஊருக்கு மாற்றிக் கொடுத்தாலும், காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் இவர்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடும். ராத்திரியில் கதவுக்கு வெளியே யாராவது செருமினால்கூட, காலி பண்ணச் சொல்ல வந்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்தாள்.

இத்தனைக்கும் சப்-இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்த அந்தச் சாயங்காலம் ஆசீர்வாதம் எங்கே இருந்தார் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். சைக்கிள் கடை தணிகாசலம். தணிகை முருகன் பேரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்று ஊர் ஊராகப் பேசுகிறவர். பள்ளிக்கூடம் விட்டால் ஆசீர்வாதம் அங்கேதான். கடவுள் உண்டா இல்லையா என்று விளக்கு வைக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பேசுவார்கள். அதில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள்: எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும், "ஆமா, அதான் நான் சொன்னது" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் சொல்லலாம். அதனாலோ என்னவோ, இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஜெயிக்கவுமில்லை, ஒருநாளும் குரல் ஏறவுமில்லை.

வாத்தியார் அன்றைக்குத் தன்னோடுதான் இருந்தார் என்று தணிகாசலம் ஊரில் சொல்லிப் பார்த்தார். "சாமி இல்லேங்கறவன் பேச்ச எவன் நம்பறது? வேணும்னா நீ காணிப்பாக்கம் வந்து முழுகிச் சொல்லு, நம்பறோம்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் ரத்தினம்மா பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம், புருஷன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, சைக்கிள் கடைக்குப் போனாள். தணிகாசலம் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காணிப்பாக்கத்துல கீறது ஒங்களுக்குக் கல்லுதானே?"

"கல்லுதான்."

"கல்லுக்கு எதிர்ல நின்னு நெஜத்த சொன்னா ஒங்களுக்கு இன்னா நஷ்டம்? அவருக்குன்னா பாவம். ஒங்களுக்கு ஒண்ணுமில்லியே."

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டார். "வாத்யாரம்மா, நீங்க சொல்றத நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. நம்பாதவனுக்கு இந்தக் கடையும் ஒண்ணுதான், அந்தக் கோயிலும் ஒண்ணுதான். இங்க சொன்னத அங்க போயி சொல்லிட்டு வந்தா இன்னா? அதானே?"

"ஆமாண்ணே, அதான்."

"இங்க சொன்னேன், ஊரு நம்பல. அங்க சொன்னா நம்பும். ஏன்? ஈரத் துணியோட நின்னதும் இவனுக்கும் உள்ளுக்குள்ள பயம் வந்துடுச்சின்னு நெனைக்கும். எனக்கு பயம் வரலியே. வாயால நான் சொல்றது நெஜம்தான், ஆனா அங்க போயி நிக்கறதே பொய்யி. பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னுதான் இத்தினி வருஷமா தெருவுல நின்னு பேசிக்கினு வர்றேன். கல்லடி பட்டிருக்கேன். எனக்குன்னு கீறது அந்த ஒண்ணுதாம்மா."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சாமி உண்டு என்கிறவரும் இல்லை என்கிறவரும் ஆளுக்கொரு பக்கமாக வந்து, கடைசியில் ஒரே இடத்தில் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்கிறார்களே!

"நீங்க ரெண்டு பேரும் ஒங்க ஒங்க மனசாட்சிய பத்ரமா வெச்சிக்கினு இருங்க. நான் இந்த வயித்தோட எந்த மரத்தடிக்குப் போறது?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

தணிகாசலம் ட்யூபை ஓரமாக வைத்தார். "வாத்யாருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"தெரிய வேணாம். நான் போறேன்."

மறுநாள் வேதாச்சலமும் நாலு பேரும் அவரைக் கூட்டிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினார்கள். ரத்தினம்மாவுக்கு நிம்மதி வரவேண்டும், வரவில்லை. சின்ன வயதில் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைப் பற்றிக் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நம்பிக்கையில்லாமல் முழுகுகிறவனை அவர் என்ன செய்வார்? கண்ணைப் பிடுங்கிவிட்டால்? தணிகாசலத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். பாதியில்தான் தெரிந்தது, இயேசுவிடம் கேட்கிறோமா பிள்ளையாரிடம் கேட்கிறோமா என்று தனக்கே நிச்சயமில்லை. வெட்கத்தோடு எழுந்துவிட்டாள்.

பொழுது சாய்கையில் திரும்பி வந்தார்கள். தணிகாசலத்துக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. கழுத்தில் மாலை, நெற்றி நிறையக் குங்குமம். கறுப்புச் சட்டை ஈரத்தோடு தோளில் கிடந்தது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. "கறுப்புச் சட்டையே முழுகிட்டான், இனிமே எவன்டா சாமி இல்லேங்கறது?" என்று விசில் அடித்தார்கள். யாரோ ஓடிப்போய் சைக்கிள் கடைக் கதவில் பிள்ளையார் படம் ஒன்றை ஒட்டினார்கள். வேதாச்சலம் வாத்தியார் வீட்டு வாசலுக்கே வந்து, "நீங்க எங்கயும் போவ வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அமாவாசை பூஜையில் தணிகாசலத்துக்குப் பரிவட்டம் கட்டப்போவதாகவும் சொன்னார்.

ஆசீர்வாதம் மனைவியைப் பார்த்தார். "அவர யாரு போவச் சொன்னது?"

"நான்தான்" என்றாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இருவரும் கடைக்குப் போனார்கள். தணிகாசலம் கதவில் ஒட்டியிருந்த படத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் சத்தியம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

"தணிகாசலம், நீங்க நெனைக்கறத நான் சொல்றேன்" என்றார் ஆசீர்வாதம். "சொன்னது நெஜம். சொன்ன எடம் மட்டும்தான் பொய்யி. ஒரு குடும்பத்துக்காவ அத பொறுத்துக்கலாம். அதானே?"

"ஆமா வாத்யாரே. அதான்."

"அப்படீன்னா நானே முழுகியிருக்கலாமே. எனக்கு ஆவாதது ஒங்களுக்கு மட்டும் எப்படி ஆவும்? என் சாமிய நான் மதிக்கற மாதிரிதானே, சாமி இல்லேங்கற பேச்ச நீங்க மதிக்கறீங்க? ஒங்க பேச்ச நான் என்னிக்கும் ஒத்துக்கினதில்ல, இனிமேலும் ஒத்துக்க மாட்டேன். ஆனா அத நீங்க எனக்காவ விட்டுட்டு நிக்கறத என்னால பாக்க முடியல."

"வயித்துப் புள்ளக்காரிய வாசல்ல நிறுத்திட்டு நான் யாருக்கு பகுத்தறிவு பேசறது?" என்றார் தணிகாசலம். "இந்தப் படத்த தெனம் பாக்கறது கஷ்டம்தான். செத்துட மாட்டேன். நீங்க போயி தூங்குங்க."

ஆசீர்வாதம் தூங்கவில்லை. பூஜையில் போய் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அவர் சொன்னால், இதுவும் வாத்தியார் செய்த சூது என்பார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வீடு போய்விடும் என்பதும் தெரிந்தது. அழுது அவரை அனுப்பியது தான்தான் என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது.

அமாவாசையன்று பிள்ளையார் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. கோயிலுக்குள் காலெடுத்து வைக்காமல், ஆசீர்வாதமும் அவளும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வேதாச்சலம் பரிவட்டத்தைக் கையில் எடுத்தார். தணிகாசலம் தலையைக் குனிந்தார். ஆசீர்வாதம் ஓரடி எடுத்து வைப்பதற்குள் ரத்தினம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனாள்.

"பெரியவரே, அவருக்கு அத கட்டாதீங்க. அவரு நம்பி முழுகல. நான் போயி அழுதேன், எனக்காவ முழுகினாரு. அவருக்கு இன்னும் சாமி இல்ல."

வேதாச்சலத்தின் முகம் சிவந்தது. "அப்ப சத்தியம் செல்லாதுங்கறியா?"

"அத நீங்கதான் சொல்லணும். ஆனா அவரு சொன்னது நெஜம். கடையில நின்னு சொன்னப்பவும் இதயேதான் சொன்னாரு."

"யாரும் ஒன்ன கேக்கலியேம்மா. கம்முனு இருந்திருந்தா வீடு ஒனக்கு இருந்திருக்குமே."

"இருந்திருக்கும்" என்றாள்.

"இப்பவே காலி பண்ணட்டும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அப்போதுதான் கன்னியம்மாள் எழுந்தாள். ஜெயிலில் இருக்கிற மூவரில் ஒருவனைப் பெற்றவள். மகனைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து வாத்தியார் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் மண்ணை வாரித் தூற்றியவள். அடிக்கத்தான் வருகிறாள் என்று ரத்தினம்மா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

கன்னியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "ஒரு பொய்ய மறைக்க மாட்டாம தன் கூரைய தானே பிச்சிக்கிறா. இவ ஊட்டுக்காரனா என் புள்ளய காட்டிக் குடுத்திருப்பான்?" என்றாள். பிறகு திரும்பி ஆம்பிளைகளைப் பார்த்தாள். "அப்ப எவன்டா? போலீஸ்காரன் ஊருக்குள்ள வந்து யாரைடா பாத்தான்? எல்லாரும் இங்கதானே கீறீங்க? வாங்கடா காணிப்பாக்கத்துக்கு. ஒவ்வொருத்தனா முழுகுங்கடா!"

ஒருவனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று ஞாபகம் வந்துவிட்டது. ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினான். காலி பண்ணச் சொல்லிக் கத்தியவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

"மொதல்ல நான் முழுகறேன் கன்னியம்மா" என்றார் வேதாச்சலம். அடுத்து ஒரு குரல் வரும் என்று திரும்பிப் பார்த்தார். வரவில்லை.

தங்களை இனி யாரும் போகச் சொல்லப்போவதில்லை என்று ரத்தினம்மாவுக்குப் புரிந்தது. நேற்றுவரை இந்த ஊரைவிட்டுப் போகப் பயந்தாள். இப்போது இதிலேயே இருக்கவேண்டும். காட்டிக்கொடுத்தவனும் இங்கேதான் ஏதோ ஒரு வீட்டில் சோறு தின்றுகொண்டு இருப்பான். அவள் கன்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னியம்மாளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.