பிறவுணிக்கு ஒரு லொறி

இந்த வயதில் இன்னொருமுறை வீடு மாறுவதே அலுப்பு. சிலாபத்தில் இருக்கும் மகள் டிலுசாவிடம் போய்விடுவது என்று முடிவெடுத்தபோது, சாமான்கள் பெரிய பாடாக இருக்கவில்லை. எங்கள் நாய் பிறவுணிதான் பெரும்பாடு. நாய் என்றதும் பஸ்காரர் கையை விரித்தார்கள். வான் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைசியில், சிலாபத்திலிருந்து எங்கள் முல்லைத்தீவுக்குத் தேங்காய் கொண்டுவந்து வெறுமனே திரும்பும் லொறி ஒன்று குறைந்த கூலிக்குச் சம்மதித்தது. பிறவுணியும் பின்னால் சாமான்களோடு வரலாம்.

காலையில் லொறி வந்தது. கட்டில், அலுமாரி எல்லாம் ஏற்றிவிட்டு நாயைப் பிடிக்கப் போனால், வெறும் சங்கிலி கிடக்கிறது.

"எங்கயப்பா நாய்?"

"அவிட்டு விட்டிட்டன்," என்றாள் என் மனைவி யூலிற்றா, வீட்டைப் பூட்டியபடி.

"உனக்கென்ன விசரோ? இந்த லொறியைப் பிடிக்க நான் இவ்வளவு நாளும் அலைஞ்சது ஆருக்காக?"

அவள் கை சாவியிலேயே நின்றுவிட்டது. "வீட்டை விட்டுப் போறதெண்டால் நாயை அவிட்டு விடுறதுதானேயப்பா. கட்டி வைச்சால் பட்டினியிலை செத்துப்போகுமெண்டு..."

சண்டைக் காலத்தில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் அப்படித்தான் அவிழ்த்து விட்டோம். ஒரு நாயையும் திரும்பக் கண்டதில்லை.

சாரதி ஹோன் அடித்தான். சந்திவரை ஓடிப்போயிருந்த பிறவுணி, வாலை ஆட்டிக்கொண்டு வந்து லொறியடியில் படுத்தது. சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு பிறந்த நாய். அவிழ்த்து விட்டால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது.