இஞ்ஞாசிமுத்துவின் எடை

இஞ்ஞாசிமுத்துவுக்காக அவருடைய மருமகள் வின்சி முதல் முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில், அவர் இரண்டு நெல்மூட்டை கனம் கனத்தார். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த பிறகு மனிதர் வற்றிப்போய், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டிய நிலையில்தான் இருந்தார். தினமும் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, காப்பியை ஆற்றிக் கொடுப்பது வின்சியின் வேலை. அன்றைக்குத் தூக்கினால் ஆள் அசையவில்லை. மூச்சைப் பிடித்து எப்படியோ நாற்காலியில் சேர்த்தாள். நாற்காலியின் கால்கள் ஆளுக்கொரு திசைக்குப் போயின. அவர் தரையில் உட்கார்ந்தபடியே காப்பியைக் குடித்து முடித்து, "சீனி கம்மியா இருக்கு தாயி" என்றார். இல்லத்தைப் பார்க்கப் போனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

காரியம் இதுதான். இஞ்ஞாசிமுத்துவின் ஒரே பிள்ளை மரிய ஆனந்த், கல்யாணம் முடிந்த கையோடு மஸ்கட்டுக்குப் போனவன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். பெட்டியை இறக்கும்போதே திரும்பிப் போகிற தேதியைச் சொல்வான். அவனும் வின்சியும் குடும்பம் நடத்தியது முக்கால்வாசி செல்போனில்தான். இப்போதுதான் அவளுக்கு விசா வந்திருந்தது. மே மாதம் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் அது செல்லாது. மறுபடி கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாமனாருக்கு விசா இல்லை. "நீயே பாத்து நல்ல எடமா முடிவு பண்ணிரு வின்சி" என்று ஆனந்த் சொன்னான். அங்கே உட்கார்ந்துகொண்டு வேறு எதைச் சொல்வான்? அவள் சரி என்றாள். சந்தோஷமா துக்கமா என்று அவளைக் கேட்டிருந்தால், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜியாவுதீன் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவர். இஞ்ஞாசிமுத்துவும் அதே புதுவயலில் ஓர் ஆலையின் எடைமேடையில், லாரிகளை நிறுத்து எழுதியே காலத்தைக் கழித்தவர். "எடை போட்டுப் பாத்துருவோம் தங்கச்சி, டாக்டர்ட்ட சொல்ல வசதியா இருக்கும்" என்று ஜியாவுதீன் லோடுமேன்களைக் கூட்டிவந்து, பெரியவரை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மேடையில் நிறுத்தினார். இஞ்ஞாசிமுத்து எடைச் சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "வண்டி எடையக் கழிச்சீகளா?" என்று கேட்டார். கழித்திருந்தார்கள். "அப்பச் சரிதான்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

முதல் இல்லம் அவர்கள் ஊரான காரைக்குடியிலேயே, ஒரு ஸ்கேன் சென்டருக்கு மாடியில் இருந்தது. பெரியவர்கள் எல்லோரையும் டிவியைப் பார்க்க வைத்திருந்தார்கள், டிவி ஓடவில்லை. இரண்டாவது, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத் திறந்து நடத்தியது. முன்கட்டு வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டல், பின்கட்டு முதியவர்களுக்கு. வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் நேரத்தில் இருமக் கூடாது என்பது தவிர அங்கே ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் இஞ்ஞாசிமுத்துவின் இரும்புக் கட்டில் நடுவில் வளைந்து தரையைத் தொட்டது. மூன்றாவது, காளையார்கோவில் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துவது. வேப்பமரமும், அடியில் சிமெண்டு பெஞ்சும், சின்னதாக ஒரு கோயிலும். மற்ற இரண்டு இடத்திலும் "ஏம்மா, வீட்டுல வச்சுப் பாக்க முடியலையா?" என்று கேட்டிருந்தார்கள். இங்கே தலைவி சிஸ்டர் ஆன் மேரி அதைக் கேட்கவில்லை. பெரியவருக்கு மீன் பிடிக்குமா என்று மட்டும் கேட்டார். வின்சி அந்த இடத்தையே முடிவு செய்தாள். மறுநாள் இஞ்ஞாசிமுத்து படுத்திருந்த இடத்தில் தரையின் ஆத்தங்குடிக் கல் விரிசல் விட்டது.

கொண்டுபோய் விட வேண்டிய நாளும் வந்தது. மூட்டை தூக்கியே தோள் காய்த்த லோடுமேன்கள் கயிறு கட்டிப் பார்த்தார்கள், கடப்பாரை கொடுத்துப் பார்த்தார்கள். "நெல்லா இருந்தாப் பிரிச்சு ரெண்டு நடையாத் தூக்கிருவோம். ஆளை என்னத்தப் பிரிக்கிறது?" என்று வியர்வையைத் துடைத்தார் அவர்களில் மூத்தவரான சின்னச்சாமி. ஜியாவுதீன் ஒவ்வொரு தடவையும், "அய்யா, போவமா? போவமா?" என்று கேட்டுக்கொண்டே தூக்கச் சொன்னார். அதுதான் தப்பு. அவருக்கு அது தெரியவில்லை.

அந்த வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. எந்த வீட்டில்தான் சொல்கிறார்கள் என்பீர்கள். மற்ற வீடுகளில் அது பழக்கம், இங்கே சட்டம். இஞ்ஞாசிமுத்துவின் மனைவி அருளம்மாள் ஒருநாள் ஏதோ கோபத்தில், "சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனவள். ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. நெல் லாரி. அன்று காலையில் அதை எடைபோட்டு அனுப்பியவர் இஞ்ஞாசிமுத்துவேதான். அதற்குப் பிறகு கீரை விற்க வருகிற பெண்கூட அந்த வாசலில் 'வாரேன்' என்று சொல்லாமல் கூடையைத் தூக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் வின்சி ஒருதரம் வாய்தவறிச் சொன்னபோது, மனிதர் தெருமுனை வரை பின்னாலேயே ஓடிவந்து அவளைத் திருத்திச் சொல்ல வைத்தார்.

லோடுமேன்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வின்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். யோசித்துச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. தினமும் சொல்லும் வாய் சொல்லிவிட்டது. "மாமா, போயிட்டு வருவமா?" என்றாள். "போயிட்டு வருவோம் தாயி" என்றார். அவள் அக்குளில் கைகொடுத்தாள். பழைய எடைதான், துவைத்துக் காய்ந்த போர்வையை எடுப்பதுபோல் எழுந்து வந்தார். டீ குடித்துவிட்டு வந்தவர்கள், ஜியாவுதீன் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வேனுக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

காளையார்கோவிலில் அவரை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தாள். துணிப்பையையும் ஜெபமாலையையும் சிஸ்டரிடம் கொடுத்தாள். கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் மாமா" என்றாள். அவர், "போயிட்டு வா தாயி" என்றார். கேட்டைத் தாண்டும்போதே அவளுக்குச் செருப்பு மண்ணில் புதைந்தது. ஜியாவுதீனின் வேன் இடதுபக்கம் சாய்ந்தே காரைக்குடி வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த நாட்களில் பேருந்தில் ஏறினால் கண்டக்டர்கள், "அம்மா, கொஞ்சம் நடுவால உக்காருங்க" என்றார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, டயரைக் காப்பாற்ற வேண்டும். வீட்டில் அவள் நடந்த வழியெல்லாம் கல் விரிசல் விட்டது. ஆனந்திடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உப்பைக் குறைக்கச் சொல்வான்.

திருச்சியில் பெட்டியை மட்டும்தான் எடைபோட்டார்கள். பெட்டி சரியாகவே இருந்தது. விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடியது, எழும்பவில்லை. திரும்பி வந்து இன்னொரு தரம் ஓடியது. பிறகு ஒரு பணிப்பெண் வின்சியின் இருக்கைப் பக்கம் குனிந்து, "மேடம், நீங்க யார்ட்டயாச்சும் ஏதும் சொல்லிட்டு வந்தீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இந்தத் தடத்தில் இப்படி நடப்பதுண்டாம். வின்சி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். விமானம் போய்விட்டது. அவள் பேருந்தில் நடு இருக்கையில் உட்கார்ந்து மதகுபட்டி, காளையார்கோவில் என்று வந்து சேர்ந்தாள். மஸ்கட் விமான நிலையத்தில் காத்திருந்த ஆனந்திடமிருந்து வழிநெடுக போன் அடித்தது. எடுத்து என்ன சொல்வாள்?

இஞ்ஞாசிமுத்து பெஞ்சில்தான் இருந்தார். "வந்துட்டேன் மாமா" என்றாள். "வந்துட்டியா தாயி" என்றார். சொன்ன மாத்திரத்தில் கனம் விட்டது. காற்றடித்தால் சேலை பறந்தது. சிஸ்டர் டீ கொடுத்தார். மூவரும் குடித்தார்கள். மே மாதத்தில் இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"மாமா." அவர் திரும்பினார். 'போறேன்' என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்துக்குள் அருளம்மாளுக்குப் பிறகு யாரும் வேண்டுமென்றே சொன்னதில்லை. அவளுக்குக் கண் வறண்டது. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "மாமா, நான் போறேன்" என்றாள்.

சிஸ்டர் ஆன் மேரி சிலுவை போட்டுக்கொண்டார். இஞ்ஞாசிமுத்து வாசல் கேட் பக்கம் பார்த்தார். ஓடிவந்து திருத்துவதற்குக் கால் இல்லை. இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார் என்று சிஸ்டர் பின்னால் சொன்னார். நல்ல கையை நீட்டி அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார்.

"அங்குட்டு வெயிலு ஜாஸ்திம்பாக. தண்ணி நெறயக் குடி" என்றார். பிறகு, "சரி. போ" என்றார். 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை.

அவள் போனாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த வாரக் கடைசியில் விமானம் பாதி ஓடுபாதையிலேயே எழும்பிவிட்டது.

அன்று மத்தியானம் காளையார்கோவிலில், வேப்பமரத்தடி பெஞ்சு ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியது. இஞ்ஞாசிமுத்து அதில்தான் உட்கார்ந்திருந்தார். தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. 'போயிட்டு வருவோம்' என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமில்லை என்று சிஸ்டர் தடுத்துவிட்டார். சாப்பாடும் மருந்தும் பெஞ்சுக்கே போயின. ராத்திரிக்குக் கொசுவலை, மழைக்கு மேலே ஒரு தகரம், முதுகுக்குச் சாய்மானமாக ஒரு பலகை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வின்சி ஞாயிறு தவறாமல் மஸ்கட்டிலிருந்து போன் செய்தாள். "மாமா எப்படி இருக்காக?" என்று கேட்பாள். "இருக்காரும்மா, அங்கேயேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போனை அவர் காதில் வைப்பார். காப்பியில் சீனி கம்மியாக இருப்பதைப் பற்றி அவர் மருமகளிடம் சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு இல்லம் முழுக்க வெள்ளையடித்தார்கள். பெஞ்சில் மண்ணுக்கு மேலே தெரிந்த பாகத்துக்கும், அவர் மேல் சிந்தாமல், ஒரு பூச்சு அடித்தார்கள்.