வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பென்சில்வேனியாவில் என் பக்கத்து வீட்டில் இருந்த ஆர்லீன் கோவாச் சொன்னது. சொன்னார் என்பதுகூட அதிகம். நாங்கள் இருவரும் பேசாமல் உட்காரப் பழகியவர்கள். ஒரு மாலை, எந்த முகாந்திரமும் இல்லாமல், "கல்யாணமான புதுசுல ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, தப்பா ஒண்ணு கேட்டுட்டேன்" என்றார். மீதி துண்டுதுண்டாக வந்தது. ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். அதில் இப்படியொரு பள்ளம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. எஃகு ஆலைகளில் உலை அணையவே இல்லை. நேற்றுவரை கீரை விளைந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் முளைத்து, நாடே ஒரு புதிய —

[விட்டுவிட்டேன். பாடப்புத்தகம் பேசுகிறது.]

இரண்டாம் தொடக்கம்: ஆர்லீன் தினமும் காலையில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவாள்.

இது இருக்கட்டும். அவள் சுரங்கத் தொழிலாளி மகள். கழிப்பறை வெளியே இருந்த வீட்டில் வளர்ந்தவள். கணவன் எமில் போருக்குப் போய்த் திரும்பியவன், எஃகு ஆலையில் வேலை. போர்வீரர்களுக்கு அரசு கொடுத்த கடனில் வாங்கிய வீடு. துணி துவைக்க இயந்திரம், முன்பக்கம் சுவரளவு கண்ணாடி ஜன்னல். அவளுக்கு அது கனவுகூட அல்ல. கனவில் இவ்வளவு வெளிச்சம் வராது.

தெருவில் எல்லாருமே புதியவர்கள். யாருக்கும் அத்தையோ சித்தியோ பக்கத்தில் கிடையாது. அதனால் அவர்களாகவே ஒரு வழக்கம் உண்டாக்கியிருந்தார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. நூடுல்ஸ், டப்பா மீன், டப்பா காளான் சூப், மேலே நொறுக்கிய சிப்ஸ். பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். வாங்கியவர்கள் திருப்பும்போது காலியாகத் திருப்பக் கூடாது.

ஆர்லீன் குடிவந்த அன்று முதல் பாத்திரம் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு வில்மா. அவளைச் சற்று நினைவில் வையுங்கள்.

3

ஆகஸ்ட் மாதக் காலை. வில்மா வீட்டை ஒட்டிய மூலை வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள். ஆர்லீன் பாத்திரத்தோடு போய்த் தட்டினாள். தலையில் துணி கட்டி, கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். ஆர்லீன் புன்னகையோடு கேட்டாள்:

"வீட்டுக்காரம்மா இருக்காங்களா? கொஞ்சம் கூப்பிடு."

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

'கூப்பிடுங்க' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? அந்தத் தெருவின் மற்றப் பெண்களோடு ஆர்லீன் பேசுகிற எல்லா இடத்திலும் என் வரைவில் 'வாங்க போங்க' என்றுதான் போட்டிருந்தேன். அவர் சொன்ன ஆங்கில வாக்கியத்தில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. அந்த மொழியில் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. தமிழ் வினைச்சொல் ஒளியவிடாது. எதிரே நிற்பவள் யார் என்று முடிவுகட்டிய பிறகுதான் அதை முடிக்க முடியும்.

கதவைத் திறந்தவள் கறுப்பினப் பெண் என்று உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே என் கை 'கூப்பிடு' என்று எழுதிவிட்டது.

(இன்னொன்றும் பாருங்கள். உள்ளே இருப்பதாக ஆர்லீன் நினைத்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு 'இருக்காங்களா'. எதிரே நிற்பவளுக்கு 'கூப்பிடு'. இருவரும் ஒருத்திதான்.)

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

ஆர்லீன் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். வீடு வந்து சேர்ந்ததே நினைவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பெயர் வெர்னெல் பிரைஸ். கணவன் அஞ்சல் நிலையத்தில் வேலை. அவனும் போருக்குப் போனவன்.

4

சாயங்காலம், அதுவரை வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த அந்தத் தெருவில், மூலை வீட்டுக்கு எதிரே கூட்டம் சேர்ந்தது. வில்லன்களை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. ஆர்லீன் ஜன்னல் வழியே பார்த்தது தெரிந்த முகங்களை மட்டும்தான். சிலர், ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். யாரோ குடுவையில் காப்பி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வில்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலாவைக் காட்டுவது போல மூலை வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல்.

கைதட்டலில் வில்மாவின் கையும் இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள்.

[இங்கே கோபமாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அன்று அந்தத் தெருவில் இல்லாத என் கோபத்தைவிட அந்தக் குழந்தையின் கை பெரியது.]

எமில் கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

"எனக்கு அவங்க மேல கோபமில்ல, ஆர்லீன். ஆலையில அவங்க ஆளுங்க என்கூடத்தான் வேல பாக்கறாங்க. ஆனா அவங்க வந்தா வீட்டு வெல விழுந்துடும்கறாங்க. நமக்கு இந்த வீட்ட விட்டா என்ன இருக்கு, சொல்லு."

அவன் சட்டென்று நின்றான்.

"நம்ம பாத்திரம் எங்க?"

"அங்க."

"அடியில பேரு ஒட்டியிருக்கியா?"

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததை நினைத்து உடம்பு கூசியது. கல் விழுந்த வீட்டில் தன் பெயர் எழுதிய பாத்திரம் இருக்கிறதே என்று ஒருவன் நடுங்குகிறான். நடுங்க வேண்டியதில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த கல் எந்த ஜன்னலுக்கு என்று யாருக்குத் தெரியும்?

காலையில் போய் வாங்கி வந்துவிடச் சொன்னான். யார் கண்ணிலும் படாமல்.

5

ஆர்லீன் பின்புறமாகப் போனாள். உடைந்த ஜன்னலில் அட்டை செருகியிருந்தது. சமையலறைக் கதவைத் தட்டினாள். வெர்னெல் திறந்தாள். உள்ளே யாரோ கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சல்சல் என்று சத்தம்.

"அந்தப் பாத்திரம்..." என்றாள் ஆர்லீன்.

"கழுவி வச்சுட்டேன். ஆனா காலியாத் திருப்பித் தர்றது எங்க வீட்ல பழக்கமில்லீங்க. பீச் பழம் வாங்கி வச்சிருக்கேன், மாவுல வச்சுச் சுட்டு எடுத்துட்டு மத்தியானம் நானே வந்து உங்க வாசல்ல தர்றேன்."

வாசலில். பட்டப்பகலில். தெரு முழுக்கப் பார்க்க, அந்தப் பெண் கோவாச் வீட்டு மணியை அடிக்கப் போகிறாள், யாருடையது என்று பாத்திரமே சொல்ல.

ஆர்லீன், வேண்டாம், இப்படியே கொடுத்தால் போதும் என்றாள். (இந்தப் பேச்சை நேரடியாக எழுத எனக்குத் துணிவில்லை. வினைச்சொல்லை எப்படி முடிப்பேன்?)

வெர்னெல் அவளையே பார்த்தாள். அடுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. வர வேண்டாம்னா வரல. உங்க பேரு கோவாச்னு அடியில பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். என் பேர நீங்க இன்னும் கேக்கலையே."

ஆர்லீன் நிறுத்திக்கொண்ட இடம் இதுதான்.

6

முடிவு அ: காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வேலியோரமாக வீடு திரும்புகிறாள். வீடு மிஞ்சுகிறது, ஜன்னல் மிஞ்சுகிறது. குளிர்பதனப் பெட்டியில் விளக்கு —

முடிவு ஆ: "மத்தியானம் வாங்க, காப்பி போட்டு வைக்கிறேன்" என்கிறாள். எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் நம்பவில்லை. மாலையில் அந்த வாசலில் மடக்கு நாற்காலிகள் வரும். எமில் அவளோடு பேசமாட்டான். நான் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. அவள் பெயரைக் கேட்கிறாள். ஆர்லீன் கதையை நிறுத்திய அன்றே அதைக் கேட்டிருந்தேன்: "அப்புறம் பேரைக் கேட்டீங்களா?"

எழுந்து தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்தப் பெயர் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருக்குமே என்றேன்.

"வந்திருக்கும். எமில் அந்த மாசம் பத்திரிகைய நிறுத்திட்டான். அப்புறம் நானும் தேடல."

ஆக, வெர்னெல் என்பது நான் வைத்த பெயர். பிரைஸும் நான் வைத்ததுதான். நானும் கேட்காமல் வைத்துவிட்டேன். மூன்றாம் பகுதியில், தெரிந்தவன் போல, எவ்வளவு இயல்பாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

அந்தப் பெயரை இப்போது எடுத்துவிடுகிறேன். சமையலறைக் கதவருகே, ஆர்லீனின் இடத்தில், நீங்கள்தான் நிற்கிறீர்கள். வேலிக்கு அப்பால் வில்மா துணி உலர்த்த வந்துவிட்டாள், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எதிரே நிற்பவள் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் மூடவில்லை.