எந்தக் கை நீண்டாலும்

அலெக்ஸாந்திரியாவில் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்ஷிராஹ் அப்லாவைத் தெரியாதவர் கிடையாது. வெறும் அப்லாவாக, அதாவது சாதாரண வகுப்பு டீச்சராகச் சேர்ந்தவள், இப்போது மூன்று சிறப்புப் பள்ளிகளைக் கட்டி மேய்க்கிறாள். அடுத்த வாரம் மாகாணத்துச் சிறப்புப் பள்ளிகள் அத்தனைக்கும் தலைவியாகப் போகிறாள். எல்லாம் கைப் பாடத்தின் தயவு.

கைப் பாடம் இதுதான்: பெரியவர் ஒருவர் உள்ளங்கையை விரித்து நீட்டினால், பிள்ளை அதில் தன் கையை வைத்துக் கூடவே நடக்க வேண்டும். நடந்தால் வாயில் ஒரு பேரீச்சம்பழம். அப்லா கைக்கு மட்டும் பழகினால் டாக்டரிடம் முரண்டு பிடிக்குமே என்று, காய்கறிக்காரர், தபால்காரர், தெருவில் போகிறவர் என முன்பின் தெரியாதவர்களைக் கூட்டிவந்து கை நீட்டச் சொல்வாள். அந்நியன் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைதான் தேறிய பிள்ளை. பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டிவிட்டுப் போனார்கள். படித்தவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லையே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தப் பாடத்தின் முதல் மாணவி ராவியா. பேச்சு வராது. யார் தொட்டாலும் கடிப்பாள், சுவரில் தலையை மோதிக்கொள்வாள். பாடம் படிந்த பிறகு பெட்டிப் பாம்பாக அடங்கினாள். அவளுடைய தாய் கரீமா, அப்லாவைத் தெய்வமாகவே நினைத்தாள். ராவியாவுக்குப் பதினாலு வயதானபோது, டிராம் நிறுத்தத்தில் கரீமா ரொட்டி வாங்கத் திரும்பிய நேரம், பெண்ணைக் காணவில்லை.

கிடைத்தது மூன்று வாரம் கழித்து, நைல் டெல்டாவில் தர்கா கந்தூரி நடக்கிற ஓர் ஊரில், பிச்சைக்காரக் கூட்டத்தில். தலையை மழித்திருந்தார்கள். பாதத்தில் சூட்டுத் தழும்பு. காவல் நிலைய பெஞ்சில் கரீமா மகளை மடியில் சாய்த்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எதிரில் ஷெஹாத்தா என்பவன் நின்றான். பெண்ணை வைத்துப் பிச்சையெடுத்தவன். காவல் அதிகாரியிடம் கெஞ்சினான்:

"நான் இழுத்துட்டு வரல பாஷா. கையை நீட்டினேன், அதுவா வந்துச்சு. அடுப்புல காலை வச்சதும் அதுவாத்தான்."

டிராம் நிறுத்தத்து ரொட்டிக்காரரும் பெண் சிரித்துக்கொண்டே அவனோடு நடந்ததாகத்தான் சொல்லியிருந்தார். அதிகாரிக்குக் குழப்பம். கரீமாவுக்குத் துணையாக வந்திருந்த அப்லாவைத் தனியறைக்குக் கூப்பிட்டார்.

"யார் கூப்பிட்டாலும் மறுக்கத் தெரியாத பொண்ணுன்னா இது கடத்தல், இவனை உள்ள வச்சுடுவேன். ஆனா ஏன் மறுக்கத் தெரியாதுன்னு நீங்க சொல்லணும். அவளா இஷ்டப்பட்டு வந்திருந்தா, நாலு அடி போட்டு அனுப்பறதுதான்."

அப்லா சொல்ல ஒரே வாக்கியம் போதும்: நான்தான் அப்படிப் பழக்கினேன். சொன்னால் புதுப் பதவி போகும், பள்ளிகள் போகும், வாழ்நாள் உழைப்பே சந்தி சிரிக்கும். மற்ற பிள்ளைகளின் கதி என்ன என்றுகூடத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது வெறும் சாக்கு என்று அவளுக்கே தெரியும்.

"அவளுக்குன்னு விருப்பு வெறுப்பு உண்டு," என்றாள். "பிடிக்கலைன்னா கடிப்பா."

ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஷெஹாத்தாவுக்கு நாலு அடி விழுந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி, பல்லை இளித்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினான். ராவியா தாயின் மடியிலிருந்து எழுந்தாள். நொண்டி நொண்டிப் போய் அவன் கையில் தன் கையை வைத்தாள்.

"பாருங்க பாஷா, நான் சொன்னேன்ல?"

கரீமா ஓடிப் போய் மகளைக் கட்டி இழுத்தாள். பெண் பிடியை விடவில்லை.

"அப்லா, நீங்க கூப்பிடுங்க. நீங்க சொன்னா கேப்பா."

போகாதே என்பதற்கு அப்லாவிடம் எந்தப் பாடமும் இருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் அவளும் உள்ளங்கையை நீட்டினாள். ராவியா அவன் கையை விட்டாள், வந்தாள், அப்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு பழத்துக்காக வாயைத் திறந்தாள்.

"அல்லாஹ் உங்களை நல்லா வைக்கணும் அப்லா. நீங்க இல்லைன்னா என் பொண்ணு இல்ல," என்று கரீமா குனிந்து அப்லாவின் இன்னொரு கையைப் பற்றி முத்தமிட்டாள்.

அப்லா கையை இழுத்துக்கொள்ளவில்லை.