சார்ஜுப் புரையில் சூடம்

பூதப்பாண்டி சிவதாணு பிள்ளைக்கு ஒரு கிறுக்கு ஏறிவிட்டால் அதை இறக்க யாராலும் ஆகாது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று இரண்டு ஆனி மாதம் அவருக்கு ஏறிய கிறுக்கு மின்சாரக் கார். நாகர்கோவிலில் அப்போதே நாலைந்து பேர் பெட்ரோல் கார் வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்திருப்பதையே தானும் வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு என்ன மதிப்பு? கொழும்பிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன வண்டியைக் கப்பலில் குளச்சலுக்கு வரவழைத்தார். அங்கிருந்து இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாடில்லாமல் ஓடுகிற வண்டியை மாடு இழுத்து வந்ததைப் பார்த்து ஊர் வாய்க்குள் சிரித்தது. வாய்விட்டுச் சிரிக்க யாருக்குத் தைரியம்?

சத்தம் கிடையாது, புகை கிடையாது, முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ள வேண்டியதும் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் அதன் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்ற வேண்டுமே! பூதப்பாண்டியில் மழைக்கால மின்னலைத் தவிர வேறு மின்சாரத்தைக் கண்டவர் யார்? வீட்டிலேயே ஆயில் எஞ்சின் வைத்து, டைனமோ பூட்டி, அதிலிருந்து காருக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்தன்தான். ஞானசிங். எட்டு வருஷம் கொழும்பில் டிராம் வண்டிக்கு மின்சாரம் உண்டாக்குகிற கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு, மனைவி ஜெபகனியோடு ஊர் திரும்பியிருந்தவன்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஞானசிங் வேதக்காரன், கிறிஸ்தவன். போதாக்குறைக்கு, பிள்ளைமார் கிணற்றை நெருங்கக்கூடாத ஜாதியிலிருந்து வேதத்தில் சேர்ந்த குடும்பம். பிள்ளை ஒரு வெற்றிலை மென்று தீரும் வரை யோசித்தார்.

"எஞ்சினுக்கு என்னவே தீட்டு? வண்டிப்புரை வரைக்கும் வந்துட்டுப் போகட்டும். கிணத்துப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்கப்பிடாது" என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டார்.

வண்டிப்புரை என்கிற அந்தக் கொட்டகை மதில் வாசலை ஒட்டி இருந்தது. வாசலில் இருந்து கிணறு பத்து எட்டுத் தூரம்.

மூன்று வாரம் வேலை நடந்தது. புரையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி அதில் எஞ்சினை நிறுத்தினான். டைனமோவுக்குப் பெல்ட் மாட்டினான். உள்ளே சுவரில் பளிங்குப் பலகை அறைந்து, முள் ஆடுகிற மீட்டரைப் பொருத்தினான். கூடமாட நின்றது சுடலையாண்டி. அந்த வீட்டு வில்வண்டிக்காரன். பதினைந்து வருஷமாக மாட்டின் வாலைப் பிடித்தவனை இப்போது காரோட்டி ஆக்கியிருந்தார் பிள்ளை. ஞானசிங்குக்கும் அவனுக்கும் ஒரே வயது. இரண்டாம் நாளே 'மக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாட்டுக்குப் புல்லப் போட்டா போதும். இந்தச் சவத்துக்கு என்னத்த மக்கா போடணும்?" என்றான் சுடலையாண்டி.

"திராவகம்."

"எம்மாடி! திராவகம் குடிச்சிட்டு ஓடுகதா? இத நம்பி நான் பொஞ்சாதிய ஏத்தணும்!"

ஞானசிங் சிரித்தான். ஆனால் இரண்டு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொன்னான். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். சார்ஜ் நிறைகிற நேரத்தில் பாட்டரி கொதிக்கும். அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தீயைக் கண்டால் மட்டும் வெடிக்கும். ஆகவே கதவும் சன்னலும் திறந்தே கிடக்க வேண்டும். பீடி, விளக்கு எதுவும் ஆகாது. இரண்டாவது, திராவகம் கண்ணில் தெறித்துவிட்டால் மருந்து கிருந்து என்று தேடக் கூடாது.

"தண்ணி ஊத்து. அப்பமே ஊத்து. குடம் குடமா ஊத்து. கொழும்புல என் கண்ணு முன்னால ஒரு சிங்களவனுக்குத் தெறிச்சிச்சு. பக்கத்துல நின்னவன் அவன் தலையப் புடிச்சுத் தொட்டிக்குள்ள அமுக்கிட்டான். ஒரு வாரத்துல வேலைக்கு வந்துட்டான் கேட்டியா. தண்ணிக்கு ஓடுக நேரம்தான் கண்ணுக்கு நேரம்."

அதற்காகவே புரைக்குள் ஒரு பீப்பாய் தண்ணீர் வைத்தான். கிணறு கண்ணெதிரே இருந்தாலும் அவனால் கோர முடியாதே. தெருக்கோடிக்குப் போய், வயலோரம் ஓடுகிற வாய்க்காலில் தகர டின்னில் மொண்டு, நாலு நடை நடந்து நிரப்பினான். சுடலையாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"நான் கிணத்துல கோரித் தாரேன் மக்கா. எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

"நீ கோரி ஊத்தின தண்ணியில நான் கைய விட்டா உனக்குத்தான் ஏச்சு. சும்மா இரி."

ஆவணி ஒன்று, கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று மூன்று பிறக்கிற நாள். அன்று காலை பூசை போட்டு, காரை எடுத்துக் கோவில் வாசல்வரை ஓட்டுவது என்று பிள்ளை முடிவு செய்தார். தீபாராதனை காட்டுகிற நேரத்தில் எஞ்சின் ஓட வேண்டும், மீட்டரில் முள் ஆட வேண்டும், வந்தவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. ஞானசிங் விடிந்ததும் எஞ்சினைக் கிளப்பினான். வெயில் ஏறியபோது பாட்டரிகள் சோறு கொதிப்பதுபோல் கொதித்துக்கொண்டிருந்தன.

பூசை செய்கிற போற்றி வந்தார். கூடவே காரியஸ்தரும் வந்து, "லேய், நீ வெளிய போ. புண்ணியாகம் தெளிக்கணும்" என்றார்.

மூன்று வாரம் அவன் புழங்கிய புரை அல்லவா, மந்திரத் தண்ணீர் தெளித்துத் தீட்டைக் கழிக்க வேண்டும். இது ஞானசிங்குக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அவன் கட்டிய புரையிலிருந்தே அவனை விரட்டியது சுருக்கென்று தைத்தது.

"போறேன் ஏமானே. உள்ள மட்டும் தீ காட்டப்பிடாது. காரை வெளிய தள்ளி வச்சுக் காட்டுங்கோ. வாயு இருக்கு, வெடிக்கும்."

காரியஸ்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வேதக்காரன் சொல்லி நாங்க சூடம் கொளுத்தாம இருக்கணுமோ? ஏன், உபதேசியார் வேலையும் சேத்துப் பாக்கியோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானசிங்குக்குக் காது சூடாகிவிட்டது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பிள்ளையிடமே போய்க் கெஞ்சியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம், எஞ்சினை நிறுத்திவிட்டு, 'கோளாறு, மத்தியானம் ஆகும்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த முள் ஆடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் ஆசை இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்காவிட்டால் அவர்கள் பாடு என்று மதில் வாசலைத் தாண்டி வெளியே போய் நின்றான். கதவு திறந்துதானே இருக்கிறது, காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அன்றைக்கு ஆளைத் தள்ளுகிற காற்று. அதுவே வினையாகிப் போயிற்று.

முதலில் பீப்பாய் வெளியே உருண்டு வந்தது. வேதக்காரன் மொண்டு வைத்த தண்ணீரைப் புண்ணியாகம் செய்த இடத்தில் வைத்திருப்பார்களா? தென்னை மூட்டில் கவிழ்த்தார்கள். தகர டின்னை மதிலுக்கு வெளியே வீசினார்கள். அது ஞானசிங்கின் காலடியில் வந்து விழுந்தது. பிறகு சூடத்தை ஏற்றினார்கள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் அணைத்தது. புது வருஷத்து முதல் நாள், புது வண்டி, சூடம் இரண்டு தரம் அணைந்தால் மனசு கேட்குமா? பிள்ளையின் முகம் கறுத்தது.

"கதவச் சாத்துங்கவே! சன்னலையும் சாத்து!"

ஞானசிங் கதவு மூடுவதைப் பார்த்தான். "ஏமானே, சாத்தாதீங்கோ!" என்று கத்தினான். எஞ்சின் இரைச்சலில் அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. போற்றிக்கு அந்த முள் ஆடுகிற பலகையைப் பார்த்தே பயம். தட்டைச் சுடலையாண்டி கையில் கொடுத்து, "உன் வண்டிதானே, நீயே காட்டு" என்று ஒதுங்கிக்கொண்டார். சுடலையாண்டி தயங்கியிருக்கிறான். "சாமி காரியத்துல என்னலே யோசனை?" என்று பிள்ளையின் அதட்டல். அவன் குனிந்து, மூடி திறந்து கிடந்த பாட்டரிப் பெட்டிக்கு முன்னால் தட்டைச் சுற்றினான்.

வெடி பெரிதில்லை. கோவிலில் போடுகிற ஒரு கதினா வெடி அளவுதான். கதவு தெறித்துத் திறந்தது. போற்றி தவழ்ந்து வந்தார். பிள்ளை விழுந்து எழுந்து வந்தார். அவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. கடைசியாகச் சுடலையாண்டி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்து முற்றத்தில் மண்டியிட்டான்.

"தண்ணி! கண்ணுல தண்ணி ஊத்துங்கலே!"

அவன் மறக்கவில்லை. சுற்றி இருந்தவர்களுக்குத்தான் அது புரியவில்லை. தீப்பட்ட இடத்தில் தண்ணீர் பட்டால் கொப்பளித்துவிடும் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ தேங்காய் எண்ணெயோடு ஓடி வந்தார்கள். அவன் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் எண்ணெயை வழிய வழிய ஊற்றினார்கள். அவன் திமிறினான்.

"எண்ணெய் ஆகாது! தண்ணி! கிணத்துத் தண்ணி!" என்று வாசலில் நின்று ஞானசிங் அலறினான். ஒருவரும் திரும்பவில்லை. அவன் வலது காலை வாசலுக்கு உள்ளே வைத்தான். காரியஸ்தர் பார்த்துவிட்டார்.

"லேய்! அங்கயே நில்லு! கிணத்தத் தொட்டேன்னு வையி, குடும்பத்தோட வச்சுக் கொளுத்திருவோம்!"

வெறும் பேச்சில்லை. போன வருஷம் இதே தெருவில் ஒரு கிணற்று வாளியைத் தொட்ட குற்றத்துக்கு ஞானசிங்கின் சித்தப்பனைத் தென்னையில் கட்டி வைத்து அடித்தார்கள். அவர் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை. ஞானசிங் குடியிருக்கிற வீடும் பிள்ளையின் தென்னை விளையில்தான் இருந்தது. அவன் பயந்துபோனான். அதற்கு வேறு பெயர் கிடையாது. வைத்த காலை எடுத்துவிட்டான்.

"ஞானசிங்கே! லே ஞானசிங்கே! தண்ணி!" என்று சுடலையாண்டி கூவினான்.

ஞானசிங் ஓடினான். காலடியில் கிடந்த தகர டின்னை எடுத்துக்கொண்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி, தெருக்கோடி வாய்க்காலுக்கு ஓடினான். கொழும்பில் படித்தது எல்லாம் மண்டையில் இருந்தது. காலுக்குத் தெரிந்தது அவன் தொடலாம் என்கிற தண்ணீர் மட்டும்தான். எதிர்க்காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. மொண்டுகொண்டு திரும்பும்போது பாதி தளும்பிப் போயிற்று. கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

வாசலுக்கு வந்தபோது சுடலையாண்டியின் மனைவி செல்லத்தாய் களத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். எல்லாரையும் பிடித்துத் தள்ளிவிட்டு, புருஷன் கேட்டதைக் கிணற்றிலிருந்து கோரிக் கோரி அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அரை நாழிகை கடந்திருந்தது. ஞானசிங் டின்னோடு வெளியே நின்றான்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒரு கண்ணாவது தங்கியிருக்கும் என்றார். இரண்டும் போயிற்று. பிள்ளை காரை ஓலை போட்டு மூடச் சொன்னார். கிணறு தீட்டுப்படாமல் தப்பியதே என்று காரியஸ்தர் நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தார் என்று கேள்வி. என்ன ஜென்மங்களோ!

இருபது நாள் ஞானசிங்கால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஜெபகனிதான், "போய் முகத்தையாவது பாத்துட்டு வாங்கோ" என்று தள்ளி அனுப்பினாள்.

சுடலையாண்டி பாயில் உட்கார்ந்திருந்தான். குரலைக் கேட்டதும் கையை நீட்டித் துழாவி ஞானசிங்கின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததை விடவில்லை. செல்லத்தாய் முறத்தோடு வாசல்படியில் இருந்தாள்.

"வந்தியா மக்கா? நீ சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம எனக்கு ஓர்மை இருந்து பாத்துக்கோ. தண்ணி தண்ணின்னு தொண்ட கீறக் கத்தினேன். ஒரு பய ஊத்தல. உன் பேரச் சொல்லியும் விளிச்சேன். வெடியில காது அடைச்சுப் போச்சு, நீ பதில் சொன்னியான்னும் தெரியல. பொறவு நெனச்சேன், அவன் எங்க நிக்கப் போறான், வெரட்டினதும் வீட்டுக்குப் போயிருப்பான்னு. நீ மட்டும் நின்னிருந்தா என்ன விட்டிருக்க மாட்டேல்லா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஞானசிங்குக்கு அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. முழங்காலில் இருந்த அந்தக் கையைப் பார்த்தான். முடியவில்லை.

"நான் போவல மக்கா. மதில் வாசல்லதான் நின்னேன்."

செல்லத்தாயின் கையில் முறம் நின்றது.

"நான் விளிச்சது கேட்டுதா?"

"கேட்டுது."

"பின்ன?"

"தண்ணிக்குத்தான் ஓடினேன். வாய்க்காலுக்கு."

"வாய்க்காலுக்கா?" சுடலையாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முழங்காலைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவிப் பாயில் விழுந்தது. "கிணறு அங்கனதானே மக்கா இருந்து?"

"அங்கனதான் இருந்து."

சுடலையாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

"எதுக்கு மக்கா சொன்ன? நீ வீட்டுக்குப் போயிட்டன்னே நான் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேனே."