நாலு சுற்று டேப்

1

இந்தக் கதை முடிவெட்டும் கடையில் பிறந்தது. குனிந்த தலைக்கு நேர்கீழே, மடியில் கிடந்த பழைய செய்தித்தாளில் நாலே வரி: சிறிய விமானம் முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கியது, உயிர்ச்சேதம் இல்லை, காரணம் பராமரிப்புக் குறைவு. அதற்குள் கடைக்காரர் என் தலையை நிமிர்த்திவிட்டார். மீதியை நானே எழுதவேண்டியதாயிற்று.

2

வானம் அன்று நீலப் பட்டாய்...

(வேண்டாம். வானத்தில் ரிப்பேர் எதுவும் இல்லை.)

கேப்டனிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு இரண்டு சீட் விமானம். ஓட்டுவது அவர், பழுது பார்ப்பது மனைவி.

"பெட்ரோல் குழாய்ல விரிசல் விட்டிருக்கு. புதுசு வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை, என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்."

முடியாது என்றால் கேப்டன் கௌரவம் என்னாவது? குழாயில் நாலு சுற்று டேப் சுற்றினார்.

(அவரை ரொம்ப முட்டாளாகக் காட்டுகிறேனோ? உங்கள் வீட்டில் ஒழுகும் குழாய்க்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?)

3

மேலே போன கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது. பிறகு நின்றேவிட்டது.

"அப்பாடா, சத்தம் நின்னுச்சு. இப்பதான் பேச முடியுது" என்றார் மாமியார். "உங்களைப் பத்தி என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா?"

"அத்தை, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

முதல் பிரதியில் இங்கே இருவரையும் கொன்றுவிட்டேன். மாமியார் பாதிப் பேச்சில் போவது எனக்கே பொறுக்கவில்லை, அடித்துவிட்டேன். கேப்டனுக்குத் தொழில் தெரியும். சரிந்து சரிந்து வந்து, முட்டைக்கோஸ் பாத்திகளைத் துவம்சம் செய்துகொண்டு இறக்கினார். மாமியார் மடியில் முழுசாய் ஒரு முட்டைக்கோஸ்.

(மிகைதான். எடுக்க மனம் வரவில்லை.)

4

டிராக்டர் விமானத்தைக் கொட்டகைக்கு இழுத்துவந்தபோது மனைவி காத்திருந்தாள். எஞ்சின் மூடியைத் திறந்தாள். நனைந்து தொங்கிய டேப்பை உரித்தாள்.

"இத நம்பியா எங்கம்மாவ ஏத்திட்டுப் போனீங்க?"

"போதும்னு நெனச்சேன்."

அவள் கத்துவதாக எழுதினேன், ஒட்டவில்லை. அழுவதாக...

அவள் புது டேப்பை எடுத்தாள். அதே இடத்தில் அதே நாலு சுற்று. டாங்கை நிரப்பினாள். பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டாள்.

"வாங்க. போதும்னீங்கள்ல? இப்ப என்னைக் கூட்டிட்டுப் போங்க."

கேப்டன் சாவியும் கையுமாய் நிற்கிறார். 'தப்பு என்னோடதுதான்' என்று சொல்லிவிட்டால் அவள் இறங்கிவிடுவாள். ஏறி உட்கார்ந்துவிட்டால் அதைச் சொல்லவேண்டியதில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இனி அவர் உங்கள் பொறுப்பு.

"நீங்க என்னமோ பண்ணுங்க" என்கிறார் மாமியார். "நான் பஸ்ல போறேன்."